ஏட்டினுள் ஓர் ஏவலாள்
உரைத் தொகுப்பியிற் சிறு நிரல் கொண்டு பெறுமானங்களைத் திருத்தும் முறை

ஓலையில் எழுதிய காலத்திலே ஏடு பெயர்த்தெழுதுதல் ஒரு தனித் தொழிலாக விளங்கிற்று. ஓலை செல்லரிக்கும், ஈரத்தால் மட்கும். ஆதலின் சில தலைமுறைக்கு ஒருகால் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினாலன்றி நூல் நிலைபெறாது. பெயர்த்தெழுதுவோனின் கண்ணும் கையும் சோர்ந்தவிடத்துப் பாடம் வேறுபட்டது. சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி உழைத்த உழைப்பிற் பெரும்பகுதி, அங்ஙனம் வேறுபட்ட பாடங்களைத் தெளிவதிலேயே கழிந்தது.

இன்று ஓலை மறைந்தது, கணினி வந்தது. எனினும் பெயர்த்தெழுதுங் கடன் ஒழிந்ததில்லை. பதிவேடுகளில் உள்ள எண்கள் பழமையாகின்றன, எழுத்துருக்கள் வழக்கொழிகின்றன, நேற்றுச் சரியாயிருந்த பெறுமானம் இன்று பிழையாகின்றது. ஆயிரம் பெயர்கள் கொண்ட ஒரு பதிவேட்டை ஒவ்வொரு வரியாகக் கையாற் றிருத்தப் புகுவோன், பழைய ஏடெழுதுவோன் அடைந்த சோர்வையே அடைவான். அவன் இழைத்த பிழைகளையே இழைப்பான். அச்சோர்வைத் தவிர்க்கும் எளிய வழி ஒன்று உண்டு. உரைத் தொகுப்பி என்னும் கருவியினுள்ளேயே இரண்டொரு வரியிற் சிறு நிரல் எழுதி, வேலையை அதனிடம் ஏவுதலே அவ்வழி. யூபிலி காணும் நமது கல்லூரியின் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் அறிந்து பயன்கொள்ளுமாறு அதனை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

உரைத் தொகுப்பி யாது?

கடிதம் எழுதுவதற்கும் விழா அழைப்பிதழ் அமைப்பதற்கும் நாம் வழங்குவது சொற்செயலி. அது எழுத்தோடு அழகையும் சேர்த்து வைக்கும்: தடிப்பு, சாய்வு, நிறம், ஓரம் ஆகிய யாவும் அதன் கோப்பினுள் மறைந்திருக்கும். உரைத் தொகுப்பியோ எழுத்தை மாத்திரமே வைத்திருக்கும். அழகின்மை அதன் குறையன்று. அதுவே அதன் வலிமை. மறைபொருள் ஏதும் இன்மையால், அக்கோப்பினை எக்கணினியும் எக்காலத்தும் திறக்கலாம். சிறு நிரலும் தடுமாற்றமின்றி அதனை வாசிக்கலாம்.

இக்கருவியின் வரலாறு நீண்டது. அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் 1976ஆம் ஆண்டளவில் ஈமாக்ஸ் என்னும் தொகுப்பி உருவாயிற்று. றிச்சாட் ஸ்டோல்மன் 1985இல் அதனைப் புதுக்கி, குனூ ஈமாக்ஸ் எனப் பலர்க்கும் பயன்படுமாறு வெளியிட்டார். பில் ஜோய் 1976இல் எழுதத் தொடங்கிய வீஐ என்னும் தொகுப்பியின் வழித்தோன்றலாக, நெதர்லாந்து நாட்டவரான பிராம் மூலெனார் 1991இல் விம் என்பதனை வெளியிட்டார். 2023ஆம் ஆண்டு மறையும்வரை அதனைப் பேணியும் வந்தார். இவ்விரண்டும் விலையின்றிக் கிடைப்பன. வறிய மாணவனும் தன் பழைய கணினியில் இவற்றை நிறுவிக்கொள்ளலாம்.

இவற்றின் சிறப்பு, எழுதும் இடமும் கணிக்கும் இடமும் ஒன்றாயிருத்தலாம். ஈமாக்ஸினுள் லிஸ்ப் என்னும் மொழி குடிகொண்டிருக்கின்றது. ஜோன் மக்கார்த்தி 1958இல் வகுத்த மொழியின் வழியில் வந்தது அது. தமிழில் வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கும். லிஸ்ப்பிலோ வினை முதலில் நிற்கும். 'இரண்டையும் மூன்றையும் கூட்டுக' என்பது நம் வாக்கியம். பிறைக்குறியுள் கூட்டற்குறி, இரண்டு, மூன்று என நிறுத்துவது லிஸ்ப் வாக்கியம். கட்டுரையின் நடுவே இதனை எழுதி, பிறைக்குறியின் பின்னே சுட்டியை நிறுத்திக் கொன்றோல் விசையோடு எக்ஸ், மீண்டும் கொன்றோல் விசையோடு ஈ என அழுத்தினால், ஐந்து என்னும் விடை திரையின் அடியிலே தோன்றும். அவற்றிற்கு முன்னர்க் கொன்றோலோடு யூ என்பதையும் அழுத்தினால், விடை கட்டுரையினுள்ளேயே பதிந்துவிடும்.

இதனினும் பயன்மிக்கது, தேடி மாற்றும் முறை. இன்ன எழுத்து என்று தேடாமல், இன்ன வடிவினது என்று தேடலாம். 'நான்கு இலக்கம் தொடர்ந்து வருமிடம்', 'வரியின் தொடக்கத்தில் எண் நிற்குமிடம்' என்று இவ்வாறு வடிவத்தைக் கூறும் கோவையை ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பர். யாப்பிலக்கணம் பயின்றோர்க்கு இது புதிதன்று. தேமா என்று கூறினால் அது ஒரு சொல்லன்று. பல சொற்கள் பொருந்தும் ஒரு வாய்பாடு. அது போன்றதே இக்கோவை. பொருந்திய பகுதிக்குப் பதிலாக ஒரு கணக்கின் விடையை வைக்கவும் ஈமாக்ஸும் விம்மும் இடந்தருகின்றன.

அடையாள அட்டை எண்: ஓர் எடுத்துக்காட்டு

நமது நாட்டிற் பலர்க்கும் வாய்த்த வேலை ஒன்றையே எடுத்துக்கொள்வாம். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ், 1972 முதல் தேசிய அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. அவற்றின் எண் ஒன்பது இலக்கமும் இறுதியில் வீ அல்லது எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்தும் கொண்டது. 2016 முதல் வழங்கப்படும் எண் பன்னிரண்டு இலக்கங்கொண்டது. ஆதலின் சங்கங்கள், கூட்டுறவுக் கடைகள், பாடசாலைகள் ஆகியவற்றின் பதிவேடுகளில் இருவகை எண்களும் கலந்து கிடக்கின்றன. ஒருவரே பழைய எண்ணில் ஒருமுறையும் புதிய எண்ணில் ஒருமுறையும் பதியப்பட்டு இருவராகத் தோன்றுதலும் உண்டு.

பழைய எண்ணின் அமைப்பை நோக்குக. முதலிரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அவ்வாண்டின் எத்தனையாம் நாள் என்பது; பெண்களாயின் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். எஞ்சிய நான்கு, தொடரெண்ணும் சரிபார்க்கும் இலக்கமுமாம். புதிய வடிவிற்கு மாற்றும் விதி எளிது: முன்னே 19 சேர்க்க, முதல் ஐந்து இலக்கத்தின் பின் ஒரு பூச்சியம் இடுக, இறுதி எழுத்தை நீக்குக.

இவ்விதியைத் தொகுப்பிக்கு உரைப்பது எங்ஙனம்? 'ஐந்து இலக்கம், அவற்றின் பின் நான்கு இலக்கம், அவற்றின் பின் வீ அல்லது எக்ஸ்' என்று தேடற்கோவை அமைக்க. முதல் ஐந்தினையும் அடுத்த நான்கினையும் தனித்தனிப் பிறைக்குறியுள் அடைத்தால், தொகுப்பி அவற்றை முதற்பகுதி, இரண்டாம் பகுதி என நினைவில் வைத்துக்கொள்ளும். மாற்றும் இடத்தில் '19, முதற்பகுதி, 0, இரண்டாம் பகுதி' என்று எழுதுக. ஒரே ஏவலிற் பதிவேடு முழுவதும் திருந்தும்.

இவ்வேலையை விரிதாளிற் செய்தலாகாதோ எனின், ஆகும், ஆயினும் இடருண்டு. விரிதாள் எண்ணைக் கண்டால் அதனை அளவாகக் கருதும். பன்னிரண்டு இலக்க எண்ணை இயல்பான கலத்தில் இட்டால், அடுக்குக்குறி வடிவிற் சுருக்கிக் காட்டும். தொலைபேசி எண்ணின் முன்னுள்ள பூச்சியத்தைப் பயனற்றதென நீக்கும். மட்டக்களப்பிற்குரிய 065 என்னும் குறி 65 ஆகிவிடும். அடையாள எண்ணும் தொலைபேசி எண்ணும் அளவுகள் அல்ல, அவை பெயர்கள். பெயரை எழுத்தாகவே போற்றும் உரைத் தொகுப்பி இங்கே பொருத்தமுடையது.

இன்னும் ஒரு நுட்பம். பூச்சியத்தை இழந்த தொலைபேசி எண் ஒன்பது இலக்கமாகும். எழுத்து விடுபட்ட பழைய அடையாள எண்ணும் ஒன்பது இலக்கமே. 'ஒன்பது இலக்கங் கண்டவிடமெல்லாம் மாற்றுக' என ஏவினால், தொலைபேசி எண்களும் அடையாள எண்களாக உருமாறும்! ஆதலின் இறுதி எழுத்தையும் கோவையிற் சேர்த்தல் இன்றியமையாதது. எழுத்தில்லா எண்களை நிரல் ஊகித்தல் கூடாது. அவற்றைத் தனியே திரட்டி மனிதர் ஆராய்தல் வேண்டும்.

எண்ணிலிருந்து பிறந்த நாளை அறிய விரும்புவோர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். அடையாள அட்டையின் நாட்கணக்கில் பெப்ரவரி மாதம் எல்லா ஆண்டிலும் 29 நாளாகவே கொள்ளப்படும். 1962ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் பிறந்த ஆணை எடுத்துக்கொள்வோம். நாட்காட்டியின்படி அது 69ஆம் நாள். அட்டையிலோ 31, 29, 10 ஆகியவற்றின் கூட்டுத்தொகையாகிய 070 என்றிருக்கும். பெண்ணாயின் 570 என்றிருக்கும். கணினியின் நாட்காட்டியை அப்படியே நம்பி 'ஆண்டின் 70ஆம் நாள் யாது' என்று வினவினால், அது மார்ச் 11 எனும். பெப்ரவரிக்குப் பின் சாதாரண ஆண்டிற் பிறந்தோர் அனைவர்க்கும் ஒருநாட் பிழை நேரும். பிழை சிறிது, ஆனால் ஓய்வூதியத்திற்கும் காப்புறுதிக்கும் பிறந்த நாளே அடிப்படை என்பதை நினைந்தால் அதன் பெருமை விளங்கும்.

இவ்வெண் ஒருவரது பிறந்த நாளையும் பாலையும் வெளிப்படுத்துவதாதலின், அதனைக் கண்டவிடமெல்லாம் பரப்புதல் தகாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதன் பொருட்டே இயற்றப்பட்டது. தேவையில்லாத பதிவேட்டில் அவ்வெண்ணை எழுதாமையே முதற்பாதுகாப்பு.

பாமினியும் இலக்கணமும்

எண்ணைத் திருத்துவதினும் அருமையானது எழுத்தைத் திருத்துதல். இதில் தமிழாசிரியர்க்குத் தனிப் பங்கு உண்டு.

இலங்கையிற் கணினி பரவிய காலத்து, பாமினி என்னும் எழுத்துருவே பெரிதும் வழங்கிற்று. தட்டச்சுப் பொறியிற் பழகிய கைகளுக்கு அது இசைந்தது. விழா மலர்கள், வினாத்தாள்கள், கோயிற் கும்பாபிடேக மலர்கள் எனப் பல ஆண்டுகளின் தமிழ் அதிலே கிடக்கின்றது. ஆனால் அக்கோப்பினுள் உண்மையில் இருப்பது தமிழன்று, ஆங்கில எழுத்துக்களே. எஃப் என்பதனைக் ககரமாகவும், வை என்பதனை லகரமாகவும் எழுத்துரு வரைந்து காட்டுகின்றது. எழுத்துரு நீங்கினால் எஞ்சுவது பொருளற்ற எழுத்துக் குவியல். தமிழ் எழுத்துக்களுக்கெனத் தனிக்குறிகள் தரும் யூனிகோடு முறை 1991 முதல் உள்ளது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் பழைய மின்னூல்களைப் பிற்காலத்தில் அம்முறைக்கு மாற்ற நேர்ந்தது. நம்மிடமுள்ள பாமினிக் கோப்புகளையும் அவ்வாறு மாற்றுதல் கடன்.

'இலங்கை' என்னும் சொல்லைப் பாமினியிற் காண்போம். அதன் கோப்பினுள் இருப்பவை முறையே காற்புள்ளி, வை, கியூ, அரைப்புள்ளி, ஐ, எஃப் என்னும் ஆறு குறிகள். அவை காட்டுவன இகரம், லகரம், ஙகரம், புள்ளி, ஐகாரக் குறி, ககரம். ஐகாரக் குறி ககரத்தின் முன்னே நிற்றலைக் காண்க. கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கு அது. யூனிகோடு ஒலியின் ஒழுங்கைப் பின்பற்றுவதாதலின், ககரம் முன்னும் ஐகாரக் குறி பின்னும் நிற்றல் வேண்டும். 'உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்கும்' என்று நாம் வகுப்பிற் கற்பிக்கும் பாடமே கணினியின் சேமிப்பு முறையும் ஆயிற்று.

காற்புள்ளியே இகரமாக நிற்பதும் நோக்கத்தக்கது. புலங்களைக் காற்புள்ளியாற் பிரித்த பதிவேடு ஒன்றிற் பெயர்கள் பாமினியில் இருப்பின், இராசையா, இளங்கோ என்னும் பெயர்களெல்லாம் தலை துண்டிக்கப்படும்! அத்தகைய பதிவேட்டைத் தத்தற்குறியாற் பிரித்து வைத்தல் நன்று.

இனி, விதிகளின் வரிசை. 'கொ' என்பது பாமினியிற் கொம்பு, ககரம், அரவு என்னும் மூன்று துண்டு. தனியெழுத்து விதிகளை முதலில் ஏவினால், கொம்பு ககரத்தின் முன்னே பற்றுக்கோடின்றி நின்று புள்ளிவட்டத்தோடு தோன்றும். 'கொம்பும் மெய்யும்' என்னும் விதியை முதலில் ஏவினாலோ, 'கெ' அமைந்து அரவு தனித்து எஞ்சும். பின்னர் அதுவும் மாறியபின், பார்வைக்குக் 'கொ' போலவே தோன்றும். ஆனால் உள்ளே ஒகரக் குறி ஒன்றாக இராது, எகரக் குறியும் அரவுமாக இரண்டாக இருக்கும். கண் ஏமாறும், தேடும் பொறிகள் சில அச்சொல்லைக் காணமாட்டா. ஆதலின் மூன்று துண்டு கொண்ட விதி முதலிலும், இரண்டு துண்டு கொண்டது அடுத்தும், தனியெழுத்து விதி இறுதியிலும் ஏவப்படல் வேண்டும். சிறப்பு விதி பொது விதியை விலக்கும் என்னும் இலக்கண நெறி இங்கே அப்படியே பொருந்துதல் காண்க. பதினெட்டு மெய்க்கும் பதினெட்டு விதி எழுதவும் வேண்டா. 'மெய்யெழுத்துள் யாதாயினும் ஒன்று' என ஒரு கோவை போதும்.

புறனடையும் உண்டு. ஔகாரக் குறியின் பின்பகுதியும் ளகரமும் பாமினியில் ஒரே விசை. 'தெளிவு' என்பதில் ளகரத்தின் பின்னே விசிறி நிற்றலால் அது மெய்யென்பது துணிபு. 'கௌரவம்' என்பதிலோ அடுத்து ரகரம் நிற்கின்றது. ஔகாரமோ, எகரத்தின் பின் வந்த ளகரமோ என்பதைப் பொறி அறியாது. சொல்லின் பொருளறிந்தோனே துணிய வல்லன். இத்தகைய இடங்களை நிரல் தானே மாற்றாது, ஒவ்வொன்றாகக் காட்டி 'மாற்றவோ' என வினவுமாறு அமைத்தல் கூடும். ஈமாக்ஸும் விம்மும் அவ்வாறு வினவும் வழி உடையன. பொறி உழைக்க, தமிழறிவு தீர்ப்பளிக்கும் முறை அது.

ஏவுவோன் கடைப்பிடிக்க வேண்டியவை

கையாற் செய்த பிழை ஒரு வரியைக் கெடுக்கும். நிரலாற் செய்த பிழை ஒரு நொடியில் ஆயிரம் வரியைக் கெடுக்கும். ஆதலிற் சில ஒழுக்கங்கள் வேண்டும்.

முதலாவது, மூலத்தைத் தொடாதே. படியெடுத்து அதன்மேல் ஏவுக. இரண்டாவது, பத்து வரியிற் சோதித்த பின்னரே முழுவதற்கும் ஏவுக. மூன்றாவது, மாற்றுமுன் எத்தனை இடம் பொருந்துகின்றன என்று எண்ணுக. மாற்றியபின் எத்தனை மாறின என்று எண்ணுக. இரண்டும் ஒவ்வாவிடின் நிறுத்துக. நான்காவது, பிறர் எழுதிய நிரலைப் பொருளறியாது ஏவற்க.

ஐந்தாவது, இருமுறை ஏவினும் கேடு விளையாதவாறு நிரலை அமைக்க. மேலே கூறிய அடையாள எண் நிரல் அத்தகையது: முதன்முறை ஏவியதும் வீ, எக்ஸ் எழுத்துக்கள் நீங்கிவிடுவதால், மறுமுறை ஏவினும் பொருந்துமிடம் இராது. ஆனால் 'எல்லார் வயதோடும் ஒன்று கூட்டுக' என்னும் நிரல் அத்தகையதன்று. மறந்து இருமுறை ஏவினால் எல்லாரும் ஓராண்டு மூத்துவிடுவர்.

உண்மையில், வயதைப் பதிவேட்டில் எழுதுவதே வேண்டாத வேலை. வயது மாறுவது, பிறந்த ஆண்டு மாறாதது. மாறாததனை எழுதி வைத்து, மாறுவதனைக் கணித்துக்கொள்ளுதலே அறிவுடைமை. கார்ஸ்டன் டொமினிக் என்னும் வானியலறிஞர் 2003இல் ஈமாக்ஸிற்குச் செய்தளித்த ஓர்க் என்னும் அமைப்பு இதற்கு உதவும். அதிலே அட்டவணையை வெறும் கோடுகளால் வரைந்து, அடியில் ஒரு சூத்திரம் எழுதிவிட்டால், வேண்டும்பொழுது கலங்கள் புதுக்கப்படும். சந்தாக் கணக்கு, புள்ளிப் பட்டியல், மலரின் பொருளடக்கப் பக்க எண் ஆகிய எல்லாவற்றையும் இவ்வாறு அமைக்கலாம். கணக்கும் அதன் சூத்திரமும் ஒரே ஏட்டில் எழுத்தாகவே நிற்பதால், பின்வருவோர் விடையை மட்டுமன்றி அது வந்த வழியையும் வாசித்தறிவர்.

நம் கடன்

இச்சிறு தொழிலை இத்துணை விரித்துரைப்பானேன் என்று சிலர் வினவக்கூடும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடி, நாவலடிக் கரைகளை அழித்தபோது, உயிர்களோடு கடிதங்களும் சான்றிதழ்களும் ஒளிப்படங்களும் அள்ளுண்டு போயின. அதற்கு முன்னைய போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தோர் இழந்த ஏடுகளுக்கும் அளவில்லை. அங்ஙனம் இழந்தோர்க்கு, ஒரு பாடசாலைப் பதிவேட்டிலுள்ள ஒரு வரி, தாம் இங்கே பயின்றோம் என்பதற்கு எஞ்சிய ஒரே சான்றாக இருத்தல் கூடும். அவ்வரியில் ஓர் இலக்கம் மாறினால் அவர் வேறொருவராகின்றார். எழுத்துரு மறைந்தால் பெயரற்றவராகின்றார். பதிவேட்டைத் திருத்தமாகக் காத்தல் அலுவலக வேலை மாத்திரமன்று. ஒருவரது பெயரை அவர்க்கே காத்துக் கொடுக்கும் அறமுமாம்.

கல்லடி உப்போடையில் துயிலும் விபுலாநந்த அடிகளார் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கு பயின்றவர். கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்றவர். 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அவர்தம் யாழ்நூலில் இசையும் கணிதமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. தமிழ் பயில்வோன் எண்ணை அஞ்சவேண்டா, எண் பயில்வோன் தமிழை இகழவேண்டா என்பதற்கு அந்நூலே சான்று.

ஆதலின் மாணவர்காள், விடுமுறையில் ஒரு வாரத்தை இக்கலைக்கு ஒதுக்குங்கள். பதிவேட்டின் பத்து வரியைப் படியெடுத்துத் தொடங்குங்கள். பழைய மாணவராகிய பெரியோர்களே, உங்கள் கணினிகளில் உறங்கும் பழைய பாமினிக் கோப்புகளை அழித்துவிடாது கல்லூரியிடம் ஒப்படையுங்கள். நீங்கள் தருவனவற்றை இளையோர் பெயர்த்தெழுதுவர். ஆசிரியராகிய நாம் ஒப்புநோக்குவோம். ஏடு காத்த முன்னோர் மரபு இங்ஙனம் நம்மிடையே தொடர்வதாகுக.